√50 + √18 எவ்வளவு? வர்க்கமூலக் கூட்டலும் விகிதமுறா எண்ணும்

√50 + √18 எவ்வளவு என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால், கை தூக்குகிறவர்களில் பலர் √68 என்பார்கள். உள்ளே இருக்கும் எண்களைக் கூட்டி மேலே ஒரு மூலக்குறி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். திருவாரூர் பக்கம் மாலை நேரத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைத் தேர்வுத் தாள்களில் சிவப்பு மை அதிகம் செலவாகும் இடம் இதுதான். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பெருக்கலில் இந்த வழி அழகாக வேலை செய்கிறது: √50 × √18 = √900 = 30. பெருக்கலுக்கு ஒத்துவருவது கூட்டலுக்கும் ஒத்துவரும் என்று நம்புவது இயல்புதான். ஆனால் ஒத்துவராது.

விதி என்று சொல்லி மனப்பாடம் பண்ணச் சொல்வதைவிட, அவர்களே பிடித்துக்கொள்ளும்படி செய்வது நல்லது. 7 × 7 = 49. அப்படியானால் √50 என்பது 7க்குக் கொஞ்சம் மேலே. 4 × 4 = 16. √18 என்பது 4க்குக் கொஞ்சம் மேலே. இரண்டையும் கூட்டினால் 11க்கு மேல் வந்தாக வேண்டும். √68 என்ன? 8 × 8 = 64, ஆக அது எட்டேகாலைத் தாண்டாது. கிட்டத்தட்ட மூன்று குறைகிறது. எந்த விடை எழுதினாலும் இந்தத் தோராயச் சோதனையைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். கால்குலேட்டர் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் முழு வர்க்க எண் எது என்று தெரிந்தால் போதும்.

சரி, அந்த மூன்று எங்கே போனது? ஒரு சதுரம் வரையுங்கள். அதன் பக்கம் √50 + √18 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் √50 முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டால் சதுரம் நான்கு துண்டாகிறது. ஒரு மூலையில் பரப்பு 50 உள்ள சதுரம், எதிர்மூலையில் பரப்பு 18 உள்ள சதுரம். மீதி இரண்டும் செவ்வகங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் √50 × √18, அதாவது 30. மொத்தம் 50 + 18 + 30 + 30 = 128. பெரிய சதுரத்தின் பக்கம் √128. √68 என்று எழுதுகிறவர் அந்த இரண்டு செவ்வகங்களையும் விட்டுவிடுகிறார். இந்தப் படத்தை ஒரு தடவை தன் கையால் வரைந்த பிள்ளை பெரும்பாலும் மறுபடி √68 எழுதுவதில்லை.

உடைத்துக் கூட்டுவது

படம் வரைவது புரிந்துகொள்வதற்கு. தேர்வில் போடுவதற்கு வேறு வழி இருக்கிறது. மூலக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். ஜோடி சேர்ந்த காரணிகள் ஜோடிக்கு ஒன்றாக வெளியே வரும். ஜோடி இல்லாதது உள்ளேயே இருக்கும்.

50 = 2 × 5 × 5. ஐந்துக்கு ஜோடி கிடைத்தது, வெளியே வருகிறது: 5√2.
18 = 2 × 3 × 3. மூன்று வெளியே வருகிறது: 3√2.

இரண்டும் √2 இனம். 5 + 3 = 8, ஆகவே விடை 8√2. முன்பு வந்த √128 என்னவாயிற்று? 128 = 64 × 2, அதுவும் 8√2தான்.

ஐந்து முழம் பூவும் மூன்று முழம் பூவும் எட்டு முழம் பூ. ஐந்து முழம் பூவையும் மூன்று படி அரிசியையும் யாரும் எட்டு என்று சேர்ப்பதில்லை. 5√2 + 3√3 அப்படித்தான், சேராது. அதை அப்படியே விட்டுவிட வேண்டும். பல பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. நடுவில் கூட்டல் குறி நிற்பதால் வேலை முடியாத மாதிரி இருக்கிறது என்கிறார்கள். வேலை முடிந்துவிட்டது. அதுதான் விடை.

கொஞ்சம் பெரிய எண்: √252 + √175 − √28. 252ஐ உடைத்தால் 2 × 2 × 3 × 3 × 7, அதாவது 6√7. 175 = 5 × 5 × 7, அதாவது 5√7. 28 = 2 × 2 × 7, அதாவது 2√7. 6 + 5 − 2 = 9. விடை 9√7. ஓரத்தில் சரிபாருங்கள்: √252 பதினாறுக்குச் சற்றுக் கீழே, √175 பதிமூன்றுக்குச் சற்று மேலே, √28 ஐந்துக்குச் சற்று மேலே. 16 + 13 − 5 = 24. 9√7 என்பது √567; 24 × 24 = 576. பொருந்துகிறது.

கை பழகியவர்கள் 252ஐப் பார்த்ததும் 36 × 7 என்று சொல்லிவிடுவார்கள். நல்லதுதான், ஆனால் அரைகுறையாக உடைத்து நிறுத்திவிடக் கூடாது. √72ஐ 4 × 18 என்று பிரித்து 2√18 என்று எழுதி வைத்தால், பக்கத்தில் இருக்கும் √50 = 5√2 வேறு இனம் போலத் தெரியும். 18க்குள் இன்னும் ஒரு 9 ஒளிந்திருக்கிறது. அதையும் எடுத்தால் 6√2, கூட்டினால் 11√2. உள்ளே ஜோடி எதுவும் மிச்சம் இல்லை என்று உறுதியான பிறகுதான் இனம் பார்க்க வேண்டும்.

உடைப்பதற்கு முன்பே இரண்டு மூலங்கள் சேருமா சேராதா என்று தெரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. உள்ளே இருக்கும் இரு எண்களையும் பெருக்குங்கள். முழு வர்க்கம் வந்தால் சேரும், வராவிட்டால் சேராது. √12ம் √75ம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிகின்றன. 12 × 75 = 900, முப்பதின் வர்க்கம். ஆகவே சேரும்: 2√3 + 5√3 = 7√3. √8ம் √12ம் நெருங்கிய உறவு போலத் தெரிகின்றன. 8 × 12 = 96, முழு வர்க்கம் இல்லை. 2√2 + 2√3 என்பதோடு சரி. இந்தச் சோதனை ஏன் வேலை செய்கிறது என்பதற்கு முதலில் வரைந்த சதுரத்தின் இரண்டு செவ்வகங்களைப் பாருங்கள். அவற்றின் பரப்பு முழு எண்ணாக வந்தால், மொத்தப் பரப்பும் முழு எண். கூட்டல் ஒரே மூலக்குறிக்குள் அடங்கிவிடும்.

பின்னமும் தசமமும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. √8 + √(1/2) என்று கேட்டால், √(1/2)இன் மேலும் கீழும் √2ஆல் பெருக்கி √2/2 ஆக்கிக்கொள்ளுங்கள். 2√2 + √2/2, அதாவது இரண்டரை √2. தசமத்தில் ஒரே ஒரு பொறி இருக்கிறது: √0.4. நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட 0.2 என்று எழுதிவிடும். 0.2 × 0.2 = 0.04, 0.4 அல்ல. தசமத்தைப் பின்னமாக மாற்றிவிட்டால் தப்பாது: 0.4 = 4/10 = 10/25, ஆகவே √0.4 = √10/5, சுமார் 0.632.

விகிதமுறு எண்ணா, இல்லையா?

இரண்டு முழுக்களின் பின்னமாக, பகுதி (கீழ் எண்) பூச்சியம் ஆகாமல் எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். எந்த வழியிலும் எழுத முடியாது என்றால் விகிதமுறா எண். சோதனை இவ்வளவுதான். தசம வடிவம் முடிவது, சுழல்வது (ஒரே இலக்கத் தொகுப்பு திரும்பத் திரும்ப வருவது) எல்லாம் இதிலிருந்து வரும் விளைவுகள்.

மூலக்குறியைப் பார்த்தவுடன் விகிதமுறா எண் என்று எழுதிவிடுவது பரவலான வழக்கம். √1.21க்கு மூலக்குறி இருக்கிறது, அதன் மதிப்பு 1.1. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி √0.444… (நான்கு முடிவில்லாமல் வருகிறது). பார்த்தால் இதைவிட விகிதமுறா எண் கிடையாது என்று தோன்றும். 0.444… என்பது 4/9. அதன் வர்க்கமூலம் 2/3. சுத்தமான பின்னம்!

எதிர்ப்பக்கமும் உண்டு. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பைக்கு (π) மூலக்குறி இல்லை. அதோடு 22/7 என்று நாமே பின்னமாக எழுதுகிறோம், அதனால் விகிதமுறு எண் என்று நினைத்துவிடுகிறார்கள். 22/7 = 3.142857142857… என்று சுழல்கிறது. பை = 3.14159265… மூன்றாவது தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 22/7 விகிதமுறு எண், பை விகிதமுறா எண், இரண்டும் ஒன்றல்ல. ஆரியபட்டர் கி.பி. 499இல் 62832/20000 என்று கொடுத்தபோதே அதை நெருங்கிய அளவு என்றுதான் சொன்னார். எந்தப் பின்னமும் பைக்குச் சமமாகாது என்று லாம்பர்ட் என்ற கணித அறிஞர் நிரூபித்தது 1761இல்.

கால்குலேட்டரை நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் கெஞ்சுகிறேன். 1 ÷ 17 போட்டால் திரையில் 0.0588235294 என்று வரும். எதுவும் திரும்ப வருவதாகத் தெரியாது. ஆனால் 1/17 பின்னம். அதன் சுழற்சி 16 இலக்கம் நீளம், திரையில் அத்தனை இடம் இல்லை. 1/97க்கு 96 இலக்கம். மறுபக்கம், 0.101001000100001… என்ற எண்ணில் ஒழுங்கு பளிச்சென்று தெரிகிறது, ஒவ்வொரு தடவையும் ஒரு பூச்சியம் கூடுகிறது. ஆனால் ஒரே தொகுப்பு மாறாமல் திரும்பத் திரும்ப வருவதில்லை, ஆகவே விகிதமுறா எண். ஒழுங்கு வேறு, சுழற்சி வேறு.

அப்படியென்றால் √2 விகிதமுறா எண் என்று எப்படித் தெரியும்? தசமத்தை எத்தனை இலக்கம் போட்டுப் பார்த்தாலும் தெரியாது. நான் சொல்லித்தரும் நிரூபணம் இது. √2 ஒரு பின்னம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினால், தொகுதியின் வர்க்கம் = 2 × பகுதியின் வர்க்கம். இரண்டு பக்கத்தையும் பகாக் காரணிகளாக உடைத்து, எத்தனை 2 இருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். வர்க்க எண்ணில் ஒவ்வொரு காரணியும் ஜோடி ஜோடியாகத்தான் வரும், ஆகவே இடப்பக்கத்தில் 2களின் எண்ணிக்கை இரட்டைப்படை. வலப்பக்கத்தில் வர்க்கத்தின் 2கள் இரட்டைப்படை, வெளியே நிற்கும் 2 இன்னும் ஒன்று, மொத்தம் ஒற்றைப்படை. ஒரே எண்ணில் 2களின் எண்ணிக்கை ஒற்றையாகவும் இரட்டையாகவும் இருக்க முடியாது. ஆகவே அப்படி ஒரு பின்னமே இல்லை. இதே வாதத்தை √3க்கு 3களை எண்ணியும், √12க்கும் 3களை எண்ணியும், முழு வர்க்கமாக இல்லாத எந்த எண்ணுக்கும் சொல்லலாம். அதனால்தான் முழு எண்ணின் வர்க்கமூலம் ஒன்று முழு எண்ணாக இருக்கும், இல்லையென்றால் விகிதமுறா எண்ணாக இருக்கும். இடையில் பின்னமாக வரவே வராது.

ஒரு பின்னம் √2ஐ எவ்வளவு நெருங்க முடியும் என்று பார்ப்பது எனக்குத் தீராத ஆசை. மேசையில் இருக்கும் ஏ4 தாளை எடுங்கள். 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறக் கூடாது என்பதற்காக √2 விகிதத்தில் அமைத்த தாள் அது. 297/210ஐச் சுருக்கினால் 99/70. 99இன் வர்க்கம் 9801. 70இன் வர்க்கம் 4900, இருமடங்கு 9800. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! வேள்வி மேடை அமைக்கும் அளவுகளைச் சொல்லும் பழைய வடமொழி நூலான பௌதாயன சுல்ப சூத்திரம் சதுரத்தின் மூலைவிட்டத்துக்குத் தரும் அளவைப் பின்னமாக்கினால் 577/408. 577இன் வர்க்கம் 332929. 408இன் வர்க்கத்தில் இருமடங்கு 332928. மறுபடியும் ஒன்று. இப்படிப்பட்ட பின்னங்களை நீங்களே செய்யலாம்: 3/2இல் ஆரம்பியுங்கள், மேல் எண்ணோடு கீழ் எண்ணின் இருமடங்கைக் கூட்டினால் புதிய மேல் எண், இரண்டையும் கூட்டினால் புதிய கீழ் எண். 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408 என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் வித்தியாசம் ஒன்று கூடவோ ஒன்று குறைவோ இருக்கும். பூச்சியம் மட்டும் ஆகாது. ஏன் ஆகாது என்பதைத்தான் மேலே 2களை எண்ணிச் சொன்னோம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களில் நீள்பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைத் தள்ளிவிட்டு, குறும்பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) வந்துவிடும், வர்க்கமூலமே வேண்டாம் என்று ஒரு பழம்பாட்டின் வழி கைப்பேசியில் அடிக்கடி வருகிறது. என் அப்பா கொத்தனார். மூலைமட்டம் பார்க்க 3 அடி, 4 அடி, குறுக்கே 5 அடி என்று நூல் பிடிப்பார். அந்தக் கணக்குக்குப் பாட்டின் வழி மிகச் சரியாக வருகிறது: 4இல் எட்டில் ஏழு பங்கு மூன்றரை, 3இல் பாதி ஒன்றரை, மொத்தம் 5. 5, 12க்கும் சரியாக 13 வரும். 8, 15க்குப் போட்டால் 17.125 வருகிறது, வர வேண்டியது 17. 10 அடிக்கு 10 அடி அறைக்குப் போட்டால் 13¾ அடி. உண்மையான மூலைவிட்டம் 10√2, அதாவது 14 அடி 1.7 அங்குலம். நான்கு அங்குலத்துக்கு மேல் பிசகினால் சுவர் கோணிவிடும். பாட்டு விரைந்து மதிப்பிட நல்ல வழி, அதை மதிக்கிறேன். ஆனால் எட்டால் வகுப்பதும், பாதியாக்குவதும், கூட்டுவதும் விகிதமுறு எண்ணிலிருந்து விகிதமுறு எண்ணைத்தான் தரும். அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் √2க்குப் போய்ச் சேர முடியாது.

கூட்டிய பிறகு என்ன ஆகிறது?

விகிதமுறு எண்ணோடு விகிதமுறா எண்ணைக் கூட்டினால் விடை எப்போதும் விகிதமுறா எண். 3 + √2 பின்னமாக இருந்தால், அதிலிருந்து 3ஐக் கழித்து √2வையும் பின்னமாக்கிவிடலாமே! பெருக்கலிலும் அப்படியே, பூச்சியத்தால் பெருக்குவதை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு விகிதமுறா எண்களைக் கூட்டினால் எதுவும் நடக்கலாம். (3 + √2) + (5 − √2) = 8. √50 − √18 − √8 என்று கேட்டால் மூன்று மூலக்குறிகளைப் பார்த்துவிட்டு விகிதமுறா எண் என்று எழுதுகிறார்கள். உடைத்துப் பாருங்கள்: 5√2 − 3√2 − 2√2 = 0. பூச்சியம் விகிதமுறு எண். சுருக்கி முடிக்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு என்னிடம் இல்லை.

√2 + √3 எப்படி? இரண்டு இனம், சேராது. சேராததாலேயே விகிதமுறா எண் என்று ஆகிவிடாது, காட்ட வேண்டும். வர்க்கப்படுத்துங்கள்: 2 + 3 + 2√6 = 5 + 2√6. √2 + √3 பின்னமாக இருந்தால் அதன் வர்க்கமும் பின்னம்; 5ஐக் கழித்து 2ஆல் வகுத்தால் √6 பின்னமாகிவிடும். √6 பின்னம் இல்லை. ஆகவே √2 + √3 விகிதமுறா எண். இந்த வழி எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. பையும் விகிதமுறா எண், 2.718… என்று போகும் ஆய்லர் எண்ணும் விகிதமுறா எண். இரண்டையும் கூட்டினால் விகிதமுறா எண்தானா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

போட்டுப் பார்க்கச் சில கணக்குகள். √48 + √27 − √75; √20 + √45 − √18; √2.25 + √0.09; √0.9 + √10; √(7 + 4√3) + √(7 − 4√3). ஒவ்வொன்றையும் சுருக்கி, விகிதமுறு எண்ணா இல்லையா என்று எழுதுங்கள். விடையைப் பார்க்கும் முன் பென்சில் தொடட்டும்.

முதலாவது: 4√3 + 3√3 − 5√3 = 2√3, விகிதமுறா எண். இரண்டாவது: 2√5 + 3√5 − 3√2 = 5√5 − 3√2. இதற்குமேல் சேராது, விகிதமுறா எண். ஐயம் இருந்தால் வர்க்கப்படுத்துங்கள், √10 வந்து நிற்கும். மூன்றாவது: 1.5 + 0.3 = 1.8, விகிதமுறு எண். நான்காவதில் √0.9ஐ 0.3 என்று எழுதியிருந்தால் திரும்பப் போங்கள். 0.9 = 9/10 = 90/100, ஆகவே √0.9 = 3√10/10. அதோடு √10ஐச் சேர்த்தால் 1.3 × √10, விகிதமுறா எண்.

ஐந்தாவது மூலத்துக்குள் மூலம். மொத்தத்தையும் வர்க்கப்படுத்துங்கள். முதல் உறுப்பின் வர்க்கம் 7 + 4√3, இரண்டாவதன் வர்க்கம் 7 − 4√3, இரண்டும் சேர்ந்து 14. நடுவில் வரும் இருமடங்குப் பெருக்கல்: 7 + 4√3ஐ 7 − 4√3ஆல் பெருக்கினால் 49 − 48 = 1, அதன் மூலம் 1, இருமடங்கு 2. மொத்தம் 16. இரண்டு உறுப்பும் மிகை எண்கள், ஆகவே கூட்டுத்தொகை 4. விகிதமுறு எண். √(7 + 4√3) என்பது உண்மையில் 2 + √3. மற்றது 2 − √3. வர்க்கப்படுத்திச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.